அக்காவின் பேர் ஒட்டிய டப்பி

எங்கள் தெருமுனைப் பூங்காவில் காலையானால் படித்த மனிதர்களெல்லாம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் நடக்கிறார்கள். மண்ணில் கால் பட்டால் ரத்தம் நன்றாக ஓடுமாம், ராத்திரி தூக்கம் வருமாம், மனசு லேசாகுமாம். என் மருமகளும் போகிறாள். "ஒரு நாள் வந்து நடந்து பாருங்களேன் அத்தை, இப்பதான் இதையெல்லாம் கண்டுபிடிச்சிருக்காங்க" என்று கூப்பிடுகிறாள். நல்ல பெண்தான், என் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவேன்.

வீட்டுக்குள்ளும் எனக்குச் செருப்பு வேண்டும். குளியலறைக்கும் செருப்பு. சாமி படத்துக்கு முன்னால் மட்டும் கழற்றுவேன், அதுவும் பாய் விரித்துக்கொண்டு. கிழவிக்குக் கிறுக்கு என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆறு வயதில் மண்ணைவிட்டு மேலே தூக்கப்பட்ட கால் இது. தூக்கினவள் என் அக்கா. இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற பாதையில், பாறசாலையைத் தாண்டி ஒரு மைல் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் விபூதி, கக்கத்தில் குடை. சர்க்கார் உத்தரவு என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்கு அப்புறம் சோறு இறங்காது. வீட்டில் அம்மா, அப்பாவின் அக்காளான அத்தை, எனக்குப் பத்து வயது மூத்த அக்கா, நான். அத்தைக்குச் சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார். அதனால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். தாலுகாவை அப்பா ஆண்டார், அப்பாவை அத்தை ஆண்டாள் என்று அக்கா என் காதில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆறு வயதில் என் வலது காலில் கொதிக்கிற கஞ்சித் தண்ணீர் கொட்டியது. தப்பு என்னுடையதுதான். சோறு வடிக்கிற நேரத்தில் அடுக்களைக்குள் ஓடாதே என்று நூறு தடவை சொல்லியிருந்தார்கள். தோல் உரிந்து பாதம் முழுக்கப் புண்ணாகிவிட்டது. மண் பட்டால் கால் அழுகிப்போகும் என்று வைத்தியர் பயமுறுத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்காவின் இடுப்புதான் எனக்கு வாகனம்.

கோவிலுக்கு அவள் இடுப்பில், குளத்துக்கு அவள் இடுப்பில். விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் தென்னையும் பலாவும் நின்ற விளைக்குப் போவதும் அவள் இடுப்பில்தான். அப்போது யாருக்கும் கக்கூஸ் கிடையாது. ஊரே விளைக்குத்தான் போகும். மழைக்காலத்தில் அந்த மண் எப்போதும் சொதசொத என்று இருக்கும். அக்கா பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, என்னை ஒரு கல்லின் மேல் குந்தவைத்துவிட்டு, நான் முடிக்கிறவரை அந்த ஈரத்திலேயே வெறுங்காலோடு காவல் நிற்பாள். "சீக்கிரம் ஆவட்டும் எட்டி, கொசு பிடுங்குது" என்பாள். நான் வேண்டுமென்றே தாமதம் செய்வேன். அந்த நேரத்தில்தானே அவள் எனக்கு மட்டும் கிடைப்பாள்!

அவள் கால்விரல் இடுக்கெல்லாம் அரிப்பெடுத்துச் சிவந்து கிடக்கும். சேற்றுப்புண் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொள்வாள். ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டே என்னைச் சுமப்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

புண் ஆறிய பிறகு அப்பா திருவனந்தபுரத்திலிருந்து எனக்கு ஒரு ஜோடி தோல்செருப்பு வாங்கிவந்தார். பெண்பிள்ளை செருப்புப் போடுகிற ஊரா அது! வெள்ளைக்காரத் துரைசானிதான் போடுவாள். வழியில் போகிற பிள்ளைகள் "மதாம்மை வாறா, மதாம்மை வாறா" என்று கத்தும். அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். "ஆமா, மதாம்மைதான். உனக்கு என்ன போச்சு?" என்று திருப்பிக் கத்துவாள். செருப்பு வந்த பிறகும் அவள் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். அவளுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

பதினேழு வயதில் அவளுக்குக் குளத்தூரில் கல்யாணம் ஆனது. அத்தானுக்கு நிலபுலன் இருந்தது, நல்ல மனிதர், அம்மா பேச்சைத் தட்டாதவர். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. பேர் சொல்ல மாட்டாள், "குளத்தூர்" என்றே சொல்லுவாள். "குளத்தூருக்கு மாங்கா ஊறுகாண்ணா உசிரு" என்பாள். அவள் போன அன்று நான் சாப்பிடவில்லை. ஊர் பூராவும் என்னைச் சமாதானம் செய்ய வந்தது, நான் எல்லோரையும் கடித்து வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வில்வண்டியில் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். சீர் இல்லை, பலகாரம் இல்லை. கூட வந்த மாமியார் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

"உங்க பிள்ளை அரைக் குடம் தண்ணி எடுக்கதுக்குள்ள மூச்சு வாங்கி உக்காருதா. மூஞ்சியப் பாருங்க, சுண்ணாம்பு கணக்கா இருக்கு. சீக்கு பிடிச்ச தீனக்காரியை எங்க தலையில கெட்டி வச்சிட்டிய. தீனம் இல்லேண்ணு ஆக்கிட்டுச் சொல்லிவிடுங்க, ஆளனுப்புதேன். இல்லேண்ணா பயலுக்கு நான் வேற இடம் பாக்கணும்."

அவ்வளவுதான். வண்டி திரும்பிவிட்டது. அக்கா முற்றத்தில் நின்றாள். அவளைப் பார்த்தவுடன் ஓடிப்போய் இடுப்பில் ஏறப் பார்த்தேன். அவள் என் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள், தூக்கவில்லை. எட்டு வயது ஆகிவிட்டதே, அதனால்தான் என்று நினைத்தேன்.

வைத்தியர் செந்தூரம் கொடுத்தார். அத்தை மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். சோம்பல் என்று அம்மா ஒரு நாள் திட்டினாள், மறுநாள் அழுதாள். அக்காவின் உதடும் நகமும் வெளுத்துக்கொண்டே வந்தன. அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். அடுப்பின் பின்பக்கத்து மண்ணைப் பெயர்த்துப் பெயர்த்துத் தின்பாள். அடுப்பு மூலை கரைவதைப் பார்த்து அத்தை எலியைத் திட்டுவாள். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம், பார்த்தால் சிரித்துவிடுவோம்.

"எக்கா, அது என்ன ருசி?"

"மழை பெய்ஞ்ச மணம் உண்டுல்லா, அந்த ருசியாக்கும்" என்றாள். எனக்கும் ஒரு துண்டு கேட்டேன். கையில் ஒரு அடி கொடுத்தாள்.

அந்த வருஷம்தான் சர்க்கார் டாக்டர் ஒருவர் ஊர் ஊராக வந்து படம் காட்டினார். எங்கள் பக்கத்து மிஷன் கோவில் பள்ளிக்கூடத்தில் ஒரு பகல் வேளை. ஜன்னலையெல்லாம் ஓலைப்பாயால் அடைத்து அறையை இருட்டாக்கி, வெள்ளைத் துணியில் விளக்குப் படம் விட்டார்கள். கச்சேரி ஆட்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று உத்தரவு. அதனால்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் முதல் தடவையாக அந்த வாசல்படியை மிதித்தார்கள். அத்தை மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

துணியில் ஒரு புழு வந்தது. உத்தரம் பருமன், வாயில் கொக்கி. பெண்கள் "எம்மோ" என்று அலறினார்கள். நிஜத்தில் அது நூல் அளவுதான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கொக்கிப்புழு. குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். ஒருவர் வெளிக்கிருந்த இடத்து ஈர மண்ணில் அதன் குஞ்சு கிடக்குமாம். "காலின்றெ அடியில் கூடியாணு ஈ புழு கேறுன்னது" என்று தன் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கால் வழியாகப் புழு ஏறுமா! கூட்டம் கொல்லென்று சிரித்தது. காலில் வாயா இருக்கிறது என்று ஒரு கிழவர் கேட்டார். புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி, உலகம் முழுக்க ஒப்புக்கொண்டது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

பிறகு அவர் அடையாளங்களைச் சொல்லத் தொடங்கினார். விரலிடுக்கில் அரிப்பு வரும். முகம் வெளுக்கும். நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். சிலர் மண் தின்பார்கள்.

நான் சடாரென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் தொடையில் கிள்ளின கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது.

முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு சின்னத் தகர டப்பி கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் அதில் கொஞ்சம் மலம் வைத்து, பேர் ஒட்டி, மூன்றாம் நாள் கச்சேரியில் தரவேண்டும். கண்ணாடி வைத்துப் பார்த்து, புழு இருந்தால் மருந்து தருவார்கள், இல்லையென்றால் இல்லை என்று சீட்டு எழுதித் தருவார்கள்.

வழியில் நான் என் செருப்பைக் கழற்றி அக்காவின் முன்னால் வைத்தேன். "நீ போட்டுக்கோ, எக்கா." அவள் சிரித்துக்கொண்டு காலை நுழைத்தாள். பாதிக் குதிகால் வெளியே நின்றது. அப்படியே இரண்டு எட்டு நடந்து காட்டி, "நானும் மதாம்மை ஆயாச்சு" என்றாள். அம்மா அதட்டினதும் கழற்றிவிட்டாள். அந்த இரண்டு எட்டு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வீட்டில் ஐந்து டப்பியும் வரிசையாக இருந்தன. அப்பா சின்னச் சின்னத் துண்டுக் கடிதாசியில் முத்து முத்தாக எல்லோர் பேரையும் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். ஒட்டி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் பிரச்சினை புரிந்தது.

"குடும்பத்துப் பொம்பளையோட பேரெழுதி, அதைக் கண்டவனும் கண்ணாடி வச்சுப் பாக்கதுக்குக் குடுத்தனுப்பதா? நான் நாண்டுக்கிட்டுச் சாவேன்" என்றாள் அம்மா.

"சர்க்கார் உத்தரவு" என்றார் அப்பா. ஆனால் தன் பேர் ஒட்டிய டப்பியை அவரும் தொடவில்லை. கச்சேரியில் தனக்குக் கீழே வேலை செய்கிறவன் அதை வாங்கி வைப்பான் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முகம் அம்மாவின் முகத்தைவிடக் கேவலமாக இருந்தது. கொடுக்காமலும் இருக்க முடியாது, கச்சேரிக்காரர் வீட்டிலிருந்தே டப்பி வரவில்லை என்றால் மேலே கேள்வி வரும்.

வழி கண்டுபிடித்தது அத்தை. "சின்னப்பிள்ளைக்கு என்ன நாணம்? அஞ்சையும் அவளே நிறைச்சுத் தரட்டும். ஒரு வீட்டுச் சோறுதானே எல்லாரும் திங்கோம். சர்க்காருக்கு டப்பி நிறைஞ்சாப் போரும்."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதுதான் அவர் சரி சொல்கிற விதம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை! எட்டு வயதில் வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மறுநாள் விடியலில் டப்பிகளை ஒரு ஓலைக் கடவத்தில் வைத்துக்கொண்டு அக்கா கூட வந்தாள். நான் செருப்புக் காலோடு என் கல்லில் குந்தினேன். நாலு டப்பி முடிந்தது. ஐந்தாவது அக்காவுடையது.

"எக்கா, இதில மட்டும் நீ வையேன். உனக்குத்தானே நெஞ்சு படபடண்ணு அடிக்கு. மண்ணும் தின்னுதே."

அவள் என் வாயைப் பொத்தினாள். கை சில்லென்று இருந்தது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"எனக்குத் தீனம் உண்டுண்ணு சர்க்காரே எழுதிக் குடுத்தா அவிய என்னக் கூட்டிட்டுப் போவாவளா, மக்கா? எனக்கு அங்க போணும். இங்க கெடந்து சாவ எனக்கு ஏலாது. நீ வையி. ஆருட்டயும் சொல்லப்பிடாது. எம்மேல சத்தியம்."

நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஐந்தாவது டப்பியையும் நிறைத்தேன்.

இரண்டு வாரத்தில் சீட்டு வந்தது. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் கிருமி இல்லை. கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் மிஷன் கோவில் உபதேசியார் வீடு. அந்த வீட்டில் ஆறு பேர், ஆறு பேரும் ஒழுங்காக அவரவர் டப்பியைக் கொடுத்தார்கள், ஆறு பேருக்கும் புழு. ஊரில் அதற்குப் புழுவீடு என்று பேர் வைத்தார்கள். எங்கள் அத்தை வேலிப்பக்கமே போகக்கூடாது என்றாள். கச்சேரியில் அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லித் தாசில்தார் பாராட்டினாராம். அன்று ராத்திரி அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

புழுவீட்டுக்காரர்கள் மருந்து குடித்தார்கள். ஒரு நாள் முழுக்க வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். இரண்டு மாதத்தில் உபதேசியார் பெண்சாதியின் கன்னத்தில் ரத்தம் ஓடியது. அவள் வேலிக்கு அப்பால் நின்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மூத்த பிள்ளைக்கு இன்னொருக்க பாத்தா என்னம்மா? எனக்கும் அந்த நிறமாக்கும் இருந்துது."

"எங்க வீட்டில புழு இல்லேண்ணு சர்க்கார் எழுதித் தந்திருக்கு" என்று அம்மா முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். அம்மா அப்போது பொய் சொல்லவில்லை. அந்தச் சீட்டை அவள் நிஜமாகவே நம்பத் தொடங்கியிருந்தாள். ஐந்து டப்பியும் யாருடையது என்பதையே அந்த வீடு மறந்துவிட்டது. 

அப்பா சீட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு குளத்தூருக்குப் போனார். மாமியாருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. அத்தான் வாசித்துக் காட்டினார். சர்க்கார் முத்திரையைப் பார்த்ததும் பேச்சு முடிந்துவிட்டது. நல்ல நாள் பார்த்து அத்தானே வந்தார்.

அன்று அக்காவைப் பார்க்க வேண்டுமே! மஞ்சள் தேய்த்துக் குளித்து, வெற்றிலை போட்டு உதட்டைச் சிவக்க வைத்துக்கொண்டு, வண்டிச்சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஓடினாள். ஓடி மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்படியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். கிளம்பும்போது, "வா, ஒருக்கத் தூக்குதேன்" என்று குனிந்தாள். என் கால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. உடனே இறக்கிவிட்டாள்.

"அம்மிக்கல்லு கணக்கா ஆயிட்டியேட்டி" என்றாள்.

நான் அப்போது தென்னமட்டை போல ஒல்லியாக இருந்தேன். அக்காவின் உதட்டுக்கு மேல் முத்து முத்தாக வேர்த்திருந்தது. சத்தியம் செய்திருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கே உண்டாகி, ஏழாம் மாதம் பிரசவத்துக்காக அவளை அழைத்துவந்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. கண்ணின் உள்பக்கம் காகிதம் போல வெள்ளை. சந்தோஷமாகத்தான் இருந்தாள். குளத்தூர் தனக்குக் காலையில் தண்ணீர் எடுத்துத் தருவதை, மாமியார் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுத்துத் தருவதை, வெட்கத்தோடு என்னிடம் சொன்னாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

நான் வேலியைத் தாண்டினேன். உபதேசியார் பெண்சாதியிடம் எல்லாவற்றையும் சொல்லி ஓவென்று அழுதேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை வராத எங்கள் முற்றத்தில் வந்து நின்று, அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"அஞ்சு டப்பியும் இந்தப் பிள்ளை நிறைச்சதாமே. மூத்தவளுக்குப் பாக்கவே இல்லியே ஐயா. இனியும் பேசாம இருந்தா பாவமாக்கும்."

அத்தை வாயைத் திறந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். என் வாழ்க்கையில் அப்பா அத்தையை நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கோட்டைப் போட்டுக்கொண்டார், தலைப்பாகையை எடுக்கவில்லை. வண்டி பூட்டச் சொல்லி, சாட்சிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரையில் டாக்டர் தங்கியிருந்த இடத்துக்குப் போனார். வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் மேஜையில் அப்பா அந்தச் சீட்டை வைத்தார். "பேரு எங்க மூத்தவளோடது. உள்ள இருந்தது இவளோடது" என்று என்னைக் காட்டினார். சர்க்கார் உத்தியோகஸ்தர் இன்னொரு சர்க்கார் உத்தியோகஸ்தரிடம் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு வேண்டும்! வேலையே போயிருக்கும். டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எத்தனையாவது மாதம் என்று மட்டும் கேட்டார். அப்பா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மருந்து விஷம் மாதிரி, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்குக் கொடுக்க முடியாது, பிரசவம் கழியட்டும் என்றார். போன வருஷமே கொடுத்திருந்தால் ஒரு நாள் வேலை என்றும் சொன்னார்.

இரும்புச்சத்துத் தண்ணீர் ஒரு குப்பி கொடுத்தார். அக்கா அதை ஒழுங்காகக் குடித்தாள், பல்லெல்லாம் கறுத்துப்போனது. என்னைத் திட்டவே இல்லை. "சத்தியத்தைக் காத்துலயா விட்ட?" என்று கேட்டு என் காதைத் திருகினாள், அதில் வலுவே இல்லை. பிறகு என் காதோடு ஒரு கணக்குச் சொன்னாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள். அப்புறம் மருந்து. இரண்டு மாதத்தில் உபதேசியார் வீட்டம்மாவைப் போலக் கன்னம் சிவந்துவிடும். "பொறவு உன்னை இடுப்பில வச்சிட்டுக் குளத்தூர்வரைக்கும் நடப்பேன், பாத்துக்கோ. குளத்தூருக்குக் கண்ணு தள்ளிப்போவும்."

ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் அவளுக்கு நோவு எடுத்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருத்துவச்சி வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "போன ரத்தம் கொஞ்சம்தான், இருந்ததே கொஞ்சம்லா" என்றாள். குழந்தையும் தங்கவில்லை. அத்தான் நனைந்துகொண்டு முற்றத்தில் நின்றார், உள்ளே வாருங்கள் என்று யாருக்கும் கூப்பிடத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் டாக்டர் மறுபடி வந்தபோது அப்பா விளையில் ஆழமாகக் குழி தோண்டி மறைப்புக் கட்டிவைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் முதல் கக்கூஸ் அதுதான். இந்தத் தடவை அவரவர் டப்பியை அவரவர் கொடுத்தோம். அப்பாவுக்குப் புழு, அம்மாவுக்குப் புழு, அத்தைக்குப் புழு. எனக்கு மட்டும் இல்லை. டாக்டர் ஆச்சரியப்பட்டு என் காலைப் பார்த்தார்.

"எந்நு முதல் ஈ செருப்பு?"

ஏழு வயதிலிருந்து என்றேன்.

"அதினு மும்பு?"

அதற்கு முன்னால் அக்கா தூக்கிக்கொண்டு போவாள் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஈரத்தில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், என் காலுக்கும் சேர்த்து அவள் கால் நின்றிருக்கிறது. நான் வேண்டுமென்றே தாமதம் செய்த நேரமெல்லாம் நின்றிருக்கிறது. டாக்டர் என் தலையில் கையை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இத்தனை வயதுக்குப் பிறகும், விடியற்காலையில் அரைத்தூக்கத்தில், யாராவது என்னைத் தூக்கமாட்டார்களா என்று இருக்கும். அந்த இடுப்பெலும்பு குத்தும் இடம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. கால் தொங்கவேண்டும், மண் கீழே தூரத்தில் இருக்கவேண்டும், "சீக்கிரம் ஆவட்டும் எட்டி" என்று ஒரு குரல் கேட்கவேண்டும். வேறு ஒரு ஆசையும் எனக்கு மிச்சமில்லை.

அப்பா போன பிறகு அவருடைய விபூதிப் பெட்டியின் அடியில் அந்தச் சீட்டு இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது. அக்காவைப் போட்டோ எடுத்ததில்லை. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் இருந்தாள் என்று சொல்ல இந்த உலகத்தில் இந்த ஒரு தாள்தான் இருக்கிறது. மேலே அவள் பேர், வயது, வீட்டுப் பேர். கீழே மலையாளத்தில் கிருமி இல்லை என்று எழுதி, சர்க்கார் முத்திரை குத்தியிருக்கிறது. பேர் அவளுடையது, உடம்பு என்னுடையது.